முழுப் பூசணிக்காயும் ஒரு சிவப்புப் புள்ளியும்

தலைப்பைப் பார்த்துட்டு சமையல் குறிப்புன்னு நினைச்சு உள்ளே வந்த புண்ணியவான்கள் மன்னிக்கணும். இது கோபத்துல எழுதுற பதிவு. வழக்கமா இங்கே புனே மழை, சிங்ககட் மலை பிட்லா பாக்ரி, ராஸ்தா பேட்டுக்குப் போய் காபிப்பொடி வாங்கிட்டு வந்த கதைன்னு ஓட்டிட்டு இருப்பேன். இன்னிக்கு நான் சோறு திங்கிற தொழிலைப் பத்தி. பயப்படாதீங்க, கணக்கு கொஞ்சம்தான்.

ஆபீஸ்ல நான் பிடுங்குற ஆணிக்குப் பேரு டேட்டா அனாலிசிஸ். சுருக்கமாச் சொன்னா, யாரோ ஒருத்தர் லட்சம் வரிசை உள்ள எக்செல் ஷீட்டை அனுப்புவார், நான் அதைப் படமா வரைஞ்சு டேமேஜர் கையில கொடுப்பேன் (மேனேஜர்னும் சிலர் சொல்றாங்க). அந்தப் படங்கள்ல ஒண்ணுக்குப் பேரு ஸ்கேட்டர் பிளாட். ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி. இந்தப் பக்கம் வயசு, அந்தப் பக்கம் சம்பளம்; இல்லேன்னா இந்தப் பக்கம் தேதி, அந்தப் பக்கம் வீடு. ரெண்டும் சந்திக்கிற இடத்துல பொட்டு வெச்சா முடிஞ்சது. இதைவிட நேர்மையான படம் கிடையாதுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. கூட்டல், கழித்தல், சராசரி எதுவும் இல்லையே? இருக்கிறதை அப்படியே வைக்கிறோமே?

நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். இது பச்சைப் பொய்யா ஆகக் கூடிய படம்னு 2025 ஜனவரியிலதான் மண்டையில உறைச்சது.

அந்த ஜனவரி புனேல இருந்தவங்களுக்கு மறக்காது. குய்லான் பாரே சிண்ட்ரோம், சுருக்கமா ஜிபிஎஸ். உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியே சொந்த நரம்பைத் தாக்குற வியாதி. வயித்துப்போக்கு வந்து ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு காலு மரத்துப்போகும், அப்புறம் எழுந்திருக்க முடியாது, சிலருக்கு வெண்டிலேட்டர் வரைக்கும் போகும். சாதாரணமா வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்ற சமாச்சாரம். அது சிங்ககட் ரோடு பக்கம், நாந்தேட் காவ், கிர்கட்வாடி, தாயரின்னு கொத்துக் கொத்தா வந்தது. (மராத்வாடாவுல இருக்கிற நாந்தேட் நகரம் இல்லை, இது கடக்வாஸ்லா அணைக்குப் போற வழியில இருக்கிற கிராமம்.) நோயாளிகளோட மாதிரியில கேம்பைலோபாக்டர் ஜெஜுனைங்கிற பாக்டீரியா தட்டுப்பட்டது. எல்லார் விரலும் தண்ணியைக் காட்டிச்சு.

நாங்க இருக்கிறது அதே பக்கம்தான். ஊர்ல இருந்து அம்மா தினம் ரெண்டு தடவை போன். "ஏலே, தண்ணியக் கொதிக்க வச்சுத்தான குடிக்கீய?" தாமிரபரணித் தண்ணியைக் கையால அள்ளிக் குடிச்சு வளர்ந்த பொம்பளை, புனே தண்ணியை நினைச்சு நடுங்கிட்டு இருந்தா.

எங்க சொசைட்டியில ஆறு விங். நல்லவேளையா யாருக்கும் ஜிபிஎஸ் வரல. ஆனா வயித்துப்போக்கு வரிசையா வந்தது. என் பொண்ணுக்கு மூணு நாள். யாரோ புத்திசாலி ஒருத்தர் கூகுள் ஃபார்ம் போட்டு, யாருக்கு எந்தத் தேதியில வந்தது, எந்த விங்னு கேட்டார். 17 நாள்ல 118 பேர் பேரு விழுந்தது. அதைக் கமிட்டியில ஒருத்தர் படமா வரைஞ்சு ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல புரொஜெக்டர்ல போட்டார். கீழே தேதி. பக்கவாட்டுல ஏ விங்ல இருந்து எஃப் விங் வரைக்கும். தடிதடியா சிவப்புப் புள்ளி. ஏ, பி, சி, டி, இ எல்லா வரிசையிலயும் நெத்திப் பொட்டு மாதிரி ஜம்முனு உக்காந்திருந்தது.

சேர்மன் காகா எழுந்தார். நல்ல மனுஷன், பொங்கலுக்கு எங்க வீட்டுல சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டவர். திரையைக் காட்டி "பகா, சகளீகடே ஆஹே" அப்படின்னார். பாருங்க, எல்லா இடத்துலயும் இருக்குன்னு அர்த்தம். எல்லா விங்லயும் இருந்தா நம்ம தொட்டியில கோளாறு இல்லை, ஊருக்கே வந்தது நமக்கும் வந்திருக்கு, அவங்கவங்க கொதிக்க வெச்சுக் குடிங்க. மீட்டிங் முடிஞ்சது. சமோசா வந்தது.

எனக்குச் சமோசா இறங்கல. என்னமோ உறுத்திச்சு. வீட்டுக்கு வந்து அந்த ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். ஏ விங்ல 11 பேர். பி விங்ல 9. சி விங்ல 46. டி விங்ல 39. இ விங்ல 12. எஃப் விங்ல ஒரே ஒருத்தர். கூட்டிப் பாருங்க, 118 வரும்.

திரையில போட்ட படத்துல எத்தனை புள்ளின்னு உக்காந்து எண்ணினேன். 51.

மிச்சம் 67 பேர் எங்கே? அங்கேயேதான் இருந்தாங்க. ஒருத்தர் தலைமேல ஒருத்தர். சி விங்ல ஒரே நாள்ல 9 பேருக்கு வந்திருக்கு. 9 புள்ளியும் ஒரே தேதி, ஒரே விங், ஒரே இடம். மேல இருக்கிற புள்ளி கீழே இருக்கிற எட்டையும் முழுங்கிடுச்சு. ஏ விங்ல அன்னிக்கு ஒருத்தருக்கு வந்தது. அதுவும் ஒரு புள்ளி, இதுவும் ஒரு புள்ளி. ஒண்ணும் ஒம்பதும் ஒண்ணு!

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்களே, அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யல. எக்செல் தானாச் செஞ்சது. புள்ளி வரைஞ்சவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனா சி, டி ரெண்டு விங்குக்கும் தரையடித் தொட்டி ஒண்ணுதான்ங்கிற விஷயம், 118ல 85 பேர் அந்தத் தொட்டித் தண்ணி குடிச்சவங்கங்கிற விஷயம், அந்தப் படத்தைப் பார்த்த இருநூறு பேர்ல ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல.

இதைத்தான் ஆபீஸ்ல நான் பத்து வருஷமா "அட, அது ஓவர் பிளாட்டிங் சார், சின்னப் பிரச்சினை"ன்னு சொல்லிட்டு இருந்தேன். என் பொண்ணு வயித்தைப் பிடிச்சிட்டு அழுதப்பதான் அது சின்னப் பிரச்சினை இல்லேன்னு தெரிஞ்சது. சுயநலம்தான், ஒத்துக்கறேன்.

சரி, இதுக்கு மருந்து எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? புள்ளியைக் கண்ணாடி மாதிரி ஆக்கிடு. ஒளி ஊடுருவட்டும். ஆர்ல வேலை பார்க்கிறவங்களுக்கும் பைத்தான்ல வேலை பார்க்கிறவங்களுக்கும் ஆல்பான்னு ஒரு எண். 1ன்னு கொடுத்தா சுவர் மாதிரி. 0ன்னு கொடுத்தா ஆவி மாதிரி. 0.1ன்னு கொடுத்தா ஒரு புள்ளி பத்துல ஒரு பங்கு அழுத்தமாத் தெரியும். மேல மேல விழ விழ அடர்த்தி ஏறும். மெல்லிசான பட்டுத்தாளை அடுக்கின மாதிரி.

நானும் அன்னிக்கு ராத்திரி அதைத்தான் செஞ்சேன். ஆல்பா 0.1. என்டர் தட்டினேன். ஆகா! சி விங்கும் டி விங்கும் ரத்தக் கோடு மாதிரி எழுந்து நின்னது. தங்கமணியைக் கூப்பிட்டு பெருமையாக் காட்டினேன்.

அவ ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு கேட்டா: "என்னங்க, எஃப் விங்ல ஒருத்தருக்கு வந்துச்சுன்னு சொன்னீங்களே, அது எங்க?"

காணோம். பத்துல ஒரு பங்கு சிவப்பு, வெள்ளைத் திரையில, தூசி மாதிரி. லேப்டாப்புல கண்ணை வெச்சுத் தேடினாத்தான் உண்டு. புரொஜெக்டர்ல போட்டா சுத்தமாப் போயிடும்.

இந்தப் பதிவுல என் சண்டை ரெண்டு பேரோட. முதல் ஆளு, புள்ளியைத் தடியா வெச்சுட்டு "எல்லா இடத்துலயும் இருக்கு"ன்னு சொல்றவர். அவரைத் திட்டுறது சுலபம். ரெண்டாவது ஆளு என்னை மாதிரி ஆளு. ஆல்பாவைக் குறைச்சுட்டா உண்மை தானா வெளியே வந்துடும்னு நம்புற ஆளு. அவர் முதல் ஆளைவிட ஆபத்தானவர். ஏன்னா அவருக்குத் தான் நேர்மையா நடந்துக்கிட்டோம்னு ஒரு திருப்தி வேற.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். ஆல்பா 0.1னு வெச்சா, ஒவ்வொரு புள்ளியும் பின்னால இருக்கிறதுல பத்துல ஒம்பது பங்கை உள்ளே விடும். பத்துப் புள்ளி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா 100% சிவப்பு வராது. 65% தான் வரும். 20 விழுந்தா 88%. 30 விழுந்தா 96%. 44ஐத் தாண்டினா 99%. அதுக்கப்புறம் 50 விழுந்தாலும் 5000 விழுந்தாலும் கண்ணுக்கு ஒண்ணுதான். அதாவது ஒரு முனையில ஒத்தை ஆள் மறைஞ்சு போறார். இன்னொரு முனையில கூட்டம் எல்லாம் ஒரே கூட்டமா ஆயிடுது. நடுவுல இருக்கிற ஒரு சின்ன இடைவெளிதான் உண்மையைச் சொல்லுது. அந்த இடைவெளியை எங்கே வைக்கணும்னு முடிவு பண்றது யாரு? மவுஸ் பிடிச்சிருக்கிற ஆளு. சாட்சாத் நான்தான்.

ஊர்க் கணக்குக்கு இதைப் போட்டுப் பாருங்க. அந்த ஜிபிஎஸ் பரவல்ல மொத்தம் 225 பேர்னு கணக்கு வந்தது. உறுதியானது 197. இறந்தவங்க 12 பேர், அதுல 6 பேருக்குத்தான் ஜிபிஎஸ்னு உறுதியாச்சு. இந்த 225ஐ அரசாங்கம் அஞ்சாப் பிரிச்சுச் சொன்னது: பழைய புனே மாநகராட்சிப் பகுதி 46, மாநகராட்சியில புதுசா சேர்த்த கிராமங்கள் 95, பிம்ப்ரி சிஞ்ச்வட் 33, புனே கிராமப்புறம் 37, மற்ற மாவட்டங்கள் 14.

இப்போ ஒவ்வொரு பகுதிக்கும் மேப்ல ஒரே இடம்னு வெச்சு, ஆல்பா 0.2னு போட்டு, இந்த 225 புள்ளியையும் வெச்சீங்கன்னா என்ன ஆகும்? 20 புள்ளி விழுந்ததுமே 99% ஏறிடும். ஆக 33ம் 37ம் 46ம் 95ம் ஒரே சிவப்பு! 14 மட்டும் ஒரு பொடி வெளுப்பு. பழைய நகரத்தை விட ரெண்டு மடங்கு அடிவாங்கின கிராமங்களும், மத்த இடங்களும் ஒரே நிறத்துல நிக்கும். புள்ளி எல்லாம் கண்ணாடிதான். ஆனா ஒண்ணும் தெரியாது.

இன்னொரு விஷயமும் பாருங்க. 46ஐயும் 95ஐயும் சேர்த்து "புனே மாநகராட்சி 141"னு ஒரே வரியா எழுதியிருந்தா, அதுவும் புள்ளி மேல புள்ளி வைக்கிறதுதான். 2017ல 11 கிராமம், 2021ல 23 கிராமம்னு மாநகராட்சிக்குள்ள வந்தது. தண்ணிக் குழாய் போற வேகமும் எல்லைக் கோடு போற வேகமும் எந்த ஊர்லயும் ஒண்ணா இருக்கிறதில்லை. அந்த வித்தியாசம் தெரியணும்னா 95 தனியா நிக்கணும். நல்லவேளையா நின்னுச்சு.

"யோவ், அதுக்காக ஆல்பாவைக் குத்தம் சொல்லலாமா, அது ஒரு கருவி, பயன்படுத்தத் தெரியணும்"னு ஆபீஸ்ல ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். சரிப்பா. ஆனா அந்தக் கருவி எதுக்காகச் செஞ்சதுன்னு தெரியுமா? 1977ல நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித்னு ரெண்டு பேர் யோசிச்சது. 1984ல லூகாஸ்ஃபிலிம்ல தாமஸ் போர்ட்டர், டாம் டஃப்னு ரெண்டு பேர் அதுக்கு முழு இலக்கணம் எழுதினாங்க. எதுக்கு? சினிமாவுல ஒரு படத்து மேல இன்னொரு படத்தை ஒட்டு தெரியாம ஒட்டறதுக்கு! கண்ணை ஏமாத்தறதுக்குன்னே பிறந்த வித்தை. அருமையான வித்தை, ஆஸ்கர் அகாடமியே அவங்களைக் கௌரவிச்சது. ஆனா தலை எண்ணுறதுக்காகச் செஞ்சது இல்லை. பட்டுத்தாளை வெச்சு அரிசி அளக்க முடியுமா?

ரெண்டு நிறம் வந்தா இன்னும் கூத்து. ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு, ஆல்பா 0.5னு வைங்க. நீலத்தை முதல்ல வரைஞ்சு, அது மேல சிவப்பு விழுந்தா, அந்த இடத்துல சிவப்புக்கு 50%, நீலத்துக்கு 25%, மிச்சம் தாள். ரெண்டு பேர்தான் இருக்காங்க, ஆனா கடைசியா வந்தவருக்கு ரெண்டு பங்கு! ஷீட்டுல யார் பேரு கடைசியில இருக்கோ அவங்க ஜெயிச்சாங்க. வரிசையைக் கலைச்சுப் போட்டு வரைஞ்சாத்தான் கொஞ்சமாவது நியாயம். இதை எத்தனை பேர் செய்யறாங்க? நான் வாங்கின சம்பளத்து மேல சத்தியமா, நானே பல வருஷம் செய்யல.

இதெல்லாம் இன்னிக்கு வந்த புதுத் தலைவலின்னு நினைக்காதீங்க. 1854ல லண்டன்ல காலரா. சோஹோ பகுதியில பிராட் ஸ்ட்ரீட்ல ஒரு அடிபம்ப். டாக்டர் ஜான் ஸ்னோ செத்தவங்க வீடு வீடாப் போய் விசாரிச்சு மேப் போட்டார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், எல்லா டேட்டா வகுப்புலயும் முதல் நாள் சொல்லுவாங்க. ஆனா அந்த மேப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தவங்க கம்மி. ஸ்னோ புள்ளி வைக்கவே இல்லை. ஒரு சாவுக்கு ஒரு சின்னக் கறுப்புக் கோடு. ஒரே வீட்டுல நாலு பேர் செத்தா நாலு கோடு, ஒண்ணு பின்னால ஒண்ணா அடுக்கினார். யாரையும் யாரும் மறைக்கல. கம்ப்யூட்டரும் இல்லை, ஆல்பாவும் இல்லை, மனுஷனுக்குத் தலையில மூளை இருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த மேப்புலயே இல்லாத ஒரு சாவு. ஊருக்கு வெளியே தள்ளி ஹாம்ஸ்டெட்ல ஒரு விதவைப் பாட்டி காலராவுல செத்தாங்க. பக்கத்துல யாருக்கும் காலரா இல்லை. பல மாசமா பிராட் ஸ்ட்ரீட் பக்கம் காலே வைக்கல. ஸ்னோ விசாரிச்சா, அந்த அம்மா முன்னாடி அந்தப் பக்கம் இருந்தவங்க. அந்தத் தண்ணி ருசி பிடிச்சுப் போய், தினம் வண்டியில ஒரு பாட்டில் வரவழைச்சுக் குடிச்சிருக்காங்க. பார்க்க வந்த உறவுக்காரப் பொண்ணும் அதையே குடிச்சுட்டு இஸ்லிங்டனுக்குப் போய்ச் செத்துப்போச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம கூட்டம்தான் ஞாபகம் வந்தது. வீடு மாறியாச்சு, ஊர் மாறியாச்சு, ஆனா நாக்கு மட்டும் பழைய ஊர்லயே இருக்கு. ஊர்ல இருந்து வர்ற ஒவ்வொருத்தர் பையிலயும் வடகமும் நார்த்தங்காயும் வரவழைக்கிற நம்மளுக்கு அந்தப் பாட்டியைப் புரியும்.

பம்ப் பக்கத்துல கூட்டமா விழுந்த கோடுகளைப் பார்த்தவங்க "அது கெட்ட காத்து"ன்னு சொல்லியிருக்கலாம், சொன்னாங்க. ஆனா ஹாம்ஸ்டெட் பாட்டிக்கு அந்தக் காத்து எப்படிப் போச்சு? ஒரே ஒரு ஒத்தைச் சாவு, நூத்துக்கணக்கான சாவு சொல்லாததைச் சொல்லுச்சு. ஆல்பா 0.1ல அந்தப் பாட்டி இருக்க மாட்டாங்க.

எங்க எஃப் விங் ஒத்தை ஆளு யாருன்னு மறுநாள் போய் விசாரிச்சேன். எஃப் விங்ல குடியிருக்கிறவங்களே இல்லை. பக்கத்துல ஒட்டினாப்புல இருக்கிற ரூம்ல வாட்ச்மேன் குடும்பம். அவரோட பையன், ஏழு வயசு. விலாசத்துக்கு எஃப்னு போட்டிருக்காங்க. "குடிக்கத் தண்ணி எங்கே பிடிக்கிறீங்க பாவு?"ன்னு கேட்டேன். கை நீட்டிக் காட்டினார். சி விங் பார்க்கிங் குழாய்.

எனக்கு அப்படியே நின்னுட்டேன். 85 பேர் சொன்னதை சேர்மன் காகா "தற்செயல்"னு சொல்லியிருக்கலாம். சி, டி விங்ல வீட்டுக்கு ஆள் ஜாஸ்தின்னு சொல்லியிருக்கலாம். இந்தப் பையனுக்கு என்ன சொல்லுவார்?

சரி, மறுபடி படம் வரைஞ்சேனே, எப்படி? அதையும் தங்கமணிதான் சொன்னா. நான் ஆல்பாவை 0.1, 0.2, 0.3ன்னு திருகிட்டு இருந்ததைப் பார்த்துட்டு, "ஏங்க, கோலத்துல எங்கயாச்சும் புள்ளி மேல புள்ளி வைப்பாங்களா? பக்கத்துல வைங்களேன்"னா.

வெச்சேன். புள்ளியைச் சின்னதாக்கி, ஒரே நாள், ஒரே விங்ல வந்தவங்களை வரிசையாப் பக்கத்துல பக்கத்துல அடுக்கினேன். 118 பேருக்கு 118 புள்ளி. எல்லாம் ஒரே அழுத்தமான சிவப்பு. சி விங்ல 9 பேர் வந்த நாள்ல 9 புள்ளி வாழைச்சீப்பு மாதிரி நின்னது. எஃப் விங்ல ஒத்தைப் புள்ளி, மத்தவங்களுக்கு இருக்கிற அதே சிவப்போட, தன்னந்தனியா நின்னது. கணினிப் பண்டிதர்கள் இதுக்குத் தேனீக்கூட்டம்னு ஒரு பேரு வெச்சிருக்காங்க. நம்ம பாட்டிமார் பேரு எதுவும் வெக்காம வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை அதைத் திரையில போட்டோம். சேர்மன் காகா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "தொட்டியைத் திறந்து பார்க்கலாம்"னார். திறந்தாங்க. ஒரு பக்கம் மூடி உடைஞ்சு கிடந்தது, அடியில சேறு. கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, புது மூடி மாட்டினாங்க. அந்த மாசம் போகப் போக வயித்துப்போக்கு நின்னுடுச்சு. அந்தத் தொட்டிதான் காரணம்னு லேப் சர்டிபிகேட் எதுவும் எங்கிட்ட இல்லை. எல்லாரும் கொதிக்க வெச்சுக் குடிச்சதாலயும் நின்னிருக்கலாம். ஸ்னோ சொல்லிப் பம்பு கைப்பிடியைக் கழட்டினப்பவும் காலரா ஏற்கெனவே இறங்க ஆரம்பிச்சிருந்தது. ஆனா ஒரு தொட்டியைத் திறந்து பார்க்கணும்னு இருநூறு பேருக்குத் தோண வெச்சது அந்தப் படம். தோண விடாம செஞ்சது முதல் படம். ரெண்டுக்கும் ஒரே ஷீட்டுதான்.

"118 பேருக்கு அடுக்கலாம், எங்க ஷீட்டுல 5 லட்சம் வரிசை, எப்படி அடுக்குறது?"ன்னு ஐடி மக்கள் கேப்பீங்க. நியாயம்தான். அங்கே புள்ளியே வைக்காதீங்க. தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டம் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை பேர்னு எண்ணி நிறம் கொடுக்கிற முறை 1987லயே வந்தாச்சு. டேனியல் கார்னு ஒரு புள்ளியியல்காரரும் அவர் கூட்டாளிகளும் எழுதினாங்க. அதுக்கு முன்னாடியே 1984ல கிளீவ்லண்டும் மெக்கில்லும் சூரியகாந்திப் பூ வரையச் சொன்னாங்க. எத்தனை பேரோ அத்தனை இதழ். எண்ணி, எண்ணைக் காட்டு. கட்டத்துல தனியா நிக்கிறவங்களை மேல தனிப் புள்ளியா, அழுத்தமா வை. ரெண்டையும் சேர்த்து வைக்கிறதுக்கு யாரும் காசு கேட்கல.

ஆல்பாவே வேண்டாம்னு சொல்றேனா? இல்லை. கூட்டம் எங்கே இருக்குன்னு மோப்பம் பிடிக்க, வீட்டுல உக்காந்து நாலஞ்சு ஆல்பா மாத்தி மாத்திப் பார்க்க, அது நல்ல நாய்க்குட்டி. ஆனா கோர்ட்டுல சாட்சி சொல்ல நாய்க்குட்டியைக் கூட்டிட்டுப் போகக் கூடாது. நாலு பேர் முன்னால முடிவெடுக்கப் போடுற படத்துல, "எத்தனை பேர்?"ங்கிற கேள்விக்கு நிறத்தோட மங்கல் பதில் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் என் கட்சி.

இதை ஏன் குடும்பக்காரங்க படிக்கிற இடத்துல எழுதுறேன்? ஏன்னா இந்தப் படங்கள் எல்லாம் நம்ம வீட்டுக்குள்ள வருது. ஸ்கூல் மீட்டிங்ல "எங்க பசங்க மார்க்"னு புள்ளிப்படம் காட்டுறாங்க. சொசைட்டி, ஆபீஸ் அப்ரைசல், ஆஸ்பத்திரி, எலக்ஷன், எல்லாத்துலயும் புள்ளி. அடுத்த தடவை யாராவது காட்டினா மூணு கேள்வி கேளுங்க, இங்கிலீஷ் வராட்டியும் பரவாயில்லை, இந்தியில கேளுங்க. மொத்தம் எத்தனை பேர்? படத்துல எத்தனை புள்ளி தெரியுது? ஓரத்துல தனியா நிக்கிறது யாரு? முதல் ரெண்டு எண்ணும் ஒத்துப்போகலேன்னா யாரோ யார் மேலயோ உக்காந்திருக்காங்க. மூணாவதுக்குப் பதில் தெரியலேன்னா யாரும் விசாரிக்கவே இல்லை.

மகாராஷ்டிரா மேப்புல தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு புள்ளின்னு வெச்சுப் பாருங்க. மும்பையில தாராவி, மாட்டுங்கா, செம்பூர்னு ஒரே கறுப்பாப் பூசிடும், அதுக்குள்ள யாரு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. சந்திரபூர்ல சுரங்க வேலைக்கு வந்து தனியாக் கிடக்கிற குடும்பம் வெளுத்துப்போய் இருக்கிறதே தெரியாது. நாம கூட்டமா இருந்தாலும் மறைவோம், தனியா இருந்தாலும் மறைவோம். புலம்பெயர்ந்து வந்தவனுக்கு இது புதுசா என்ன?

வாட்ச்மேன் பையன் இப்போ நல்லா இருக்கான். பார்க்கிங்ல என் பொண்ணோட சைக்கிளை எடுத்துட்டுச் சுத்துறான். அவங்க ரூமுக்குத் தனிக் குழாய் போடணும்னு மீட்டிங்ல எழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாம்"னு சொல்லியிருக்காங்க. ரெண்டு மீட்டிங்கா பார்த்துட்டு இருக்காங்க. விடறதா இல்லை.

பி.கு. 1: எக்செல்ல செய்யறவங்களுக்கு. புள்ளியை வலது க்ளிக் பண்ணி ஃபார்மட் டேட்டா சீரீஸ், மார்க்கர், ஃபில் போனா டிரான்ஸ்பரன்சி இருக்கும். அங்கே 80%ன்னா ஆர்ல ஆல்பா 0.2, தலைகீழ். விளிம்புக் கோட்டையும் எடுத்துடுங்க, இல்லேன்னா உள்ளே கண்ணாடி, வெளியே இரும்பு வளையம். ஆர்ல செய்யறவங்க, ஓரத்துல இருக்கிற நிறக் குறிப்பு மட்டும் முழு அழுத்தத்துல வர்ற மாதிரி வெச்சுக்கோங்க. புள்ளியோட சேர்ந்து அதுவும் மங்கிப் போனா எது யாரு நிறம்னு தாத்தா பாட்டிக்குத் தெரியாது.

பி.கு. 2: இந்தப் பதிவுல நல்ல யோசனை எல்லாம் தங்கமணியோடது. படிச்சுட்டு "என் பேரைச் சொல்லவே இல்லையே"ன்னு கேட்டா. சொல்லியாச்சு தாயே :-)